திறப்பு விழா சரி, திறப்பு யாரிடம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற மாதம் உங்கள் வாசகர் பக்கத்தில் ஒருவர் எழுதியிருந்தார்: வன்னியில் ஒவ்வொரு சங்கத்துக்கும் கோயிலுக்கும் பாடசாலைக்கும் சொந்த இணையத்தளம் வேண்டும், இப்போது அதற்குப் புரோகிராம் எழுதத் தெரியத் தேவையில்லை, வேர்ட்பிரஸ் என்ற இலவச மென்பொருளைப் போட்டால் ஒரு பின்னேரத்தில் வேலை முடிந்துவிடும் என்று. அந்த ஒரு பின்னேரக் கணக்கு சரிதான். அதற்குப் பிறகு வரும் ஏழெட்டு வருடங்களை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. அதைப் பற்றி எழுதத்தான் இந்தக் கடிதம்.

நான் மல்லாவியில் 2011 முதல் தட்டச்சு, போட்டோகொப்பி, லமினேற்றிங் கடை வைத்திருக்கிறேன். கம்பியூட்டர் படித்தவள் இல்லை. டைப்ரைட்டரில் தொடங்கி, பாமினி எழுத்துருவில் கலியாணக் கார்டும் செத்தவீட்டுக் கல்வெட்டுப் புத்தகமும் அடித்துப் பழகியவள். கடையில் இணைய இணைப்பு இருந்த ஒரே காரணத்தால் ஒரு பழைய மாணவர் சங்கம், ஒரு கோயில், ஒரு கமக்காரர் அமைப்பு என மூன்று தளங்களைப் பார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. பெயர்களை எழுதவில்லை. ஊரில் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். பழைய மாணவர் சங்கத் தளம் 2012இல் வெறும் எச்.டி.எம்.எல். பக்கங்களாக இருந்தது, அதாவது ஒவ்வொரு பக்கமும் கணினிக் குறியீட்டில் கையால் எழுதியது. யாழ்ப்பாணத்தில் படித்துக்கொண்டிருந்த ஒரு தம்பி காசு வாங்காமல் செய்து தந்தார். ஒரு வரி மாற்றுவதென்றாலும் நான் அடித்து மின்னஞ்சல் அனுப்ப வேண்டும், அவர் திறந்து பார்க்க வேண்டும். அவருக்குப் பரீட்சை வந்தால் தளம் அப்படியே நிற்கும். மரண அறிவித்தல் அந்தியேட்டி முடிந்த பிறகுதான் ஏறும். அவர் வெளிநாடு போன பிறகு, முகப்பில் 2013ஆம் ஆண்டு இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கான அழைப்பு மூன்று வருடம் தொங்கியது.

2016இல் வேர்ட்பிரஸுக்கு மாறினோம். பாடப்புத்தகத் தமிழில் இதை உள்ளடக்க முகாமைத்துவ முறைமை என்கிறார்கள், பொடியள் சி.எம்.எஸ். என்பார்கள். எனக்குப் புரிந்தது கலியாணக் கார்டுக் கணக்கில்தான். மாப்பிள்ளை பெண் பெயர், முகூர்த்தம், மண்டபம் எல்லாம் ஒரு கோப்பில் இருக்கும். கார்டின் பூ வேலைப்பாடு வேறு கோப்பில். பூவை மாற்றினால் பெயரைத் திரும்ப அடிக்கத் தேவையில்லை. இங்கும் எழுத்தெல்லாம் தரவுத்தளம் என்ற பெட்டிக்குள் இருக்கிறது, தோற்றத்தைத் தீம் பார்த்துக்கொள்கிறது, மேலதிக வேலை வேண்டுமென்றால் பிளகின் என்று சின்னச் சின்னத் துண்டுகளைப் பொருத்தலாம். காசும் இல்லை. 2003இல் மாட் முல்லன்வெக், மைக் லிட்டில் என்ற இரண்டு பேர், கைவிடப்பட்டுக் கிடந்த ஒரு வலைப்பதிவு மென்பொருளை எடுத்துத் திருத்தத் தொடங்கியதில் வந்தது இது. ஜூம்லா, ட்ரூப்பல் என்று வேறும் இருக்கின்றன. நான் பழகியது இதுதான்.

இதனால் வந்த மாற்றத்தைக் கமக்காரர் அமைப்பில் கண்டேன். அங்கே செயலாளராக இருக்கும் அக்கா எட்டாம் வகுப்புவரை படித்தவர். சிறுபோகத்துக்கு வவுனிக்குளத்துத் தண்ணீர் எந்த வாய்க்காலுக்கு எந்த நாள் என்ற முறையைக் கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போக முன்னமே போனில் தளத்தில் போட்டுவிடுவார். ஒருவரும் அவருக்குப் புரோகிராம் படிப்பிக்கவில்லை. தலைப்பு, எழுத்து, ‘வெளியிடு’ என்ற பொத்தான், அவ்வளவுதான். பொருளாளரின் மகனுக்கு எழுதலாம், ஆனால் வெளியிட முடியாது என்று ஒரு தரம் கொடுத்து வைத்திருக்கிறோம். அவன் எழுதுவதை அக்கா பார்த்துத்தான் விடுவார். இன்னொன்று: யார் எந்த வரியை எப்போது மாற்றினார் என்ற பழைய பிரதி உள்ளே கிடக்கும். ஒரு வருடம் கூட்டக் குறிப்பிலிருந்து உழவு இயந்திரக் கணக்கு ஒரு வரி காணாமல் போனது. திறந்து பார்த்தால் இரவு 11.40க்கு நீக்கப்பட்டிருந்தது, யாருடைய பெயரில் என்பதும் இருந்தது. காகிதக் குறிப்பேடாக இருந்திருந்தால் ‘எலி கடித்தது’ என்றிருப்பார்கள்.

தமிழுக்கும் ஒரு நன்மை நடந்தது. பாமினியில் அடித்ததை அப்படியே கொண்டுபோய் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத்தான் தெரியும். அதனால் எல்லாவற்றையும், எந்தக் கணினியிலும் போனிலும் தமிழாகவே தெரியும் யுனிகோட்டுக்கு மாற்றியே ஆக வேண்டியிருந்தது. கை வலித்தது. ஆனால் இப்போது ஒருவரின் பெயரைத் தமிழில் தேடினால் கிடைக்கிறது.

அதே தமிழுக்கு ஒரு தொல்லையும் உண்டு, எந்தப் பயிற்சி வகுப்பிலும் இதைச் சொல்லித் தந்ததாக நான் கேள்விப்படவில்லை. நாம் தமிழில் தலைப்பு வைத்தால் வேர்ட்பிரஸ் அந்தத் தலைப்பிலிருந்தே பக்கத்தின் முகவரியையும் உண்டாக்கும். உள்ளே ஒவ்வொரு தமிழ்க் குறியும் சதவீத அடையாளங்களோடு 9 எழுத்தாக விரியும். ‘க’ ஒன்று, அதன் துணைக்கால் இன்னொன்று, ஆக ‘கா’வுக்கு 18. முகவரிக்கு ஒதுக்கிய இடமோ மொத்தம் 200. எனவே 22 குறிகளோடு கதை முடிந்தது. ‘வவுனிக்குளம் சிறுபோகத் தண்ணீர் முறை’ என்று தலைப்பு வைத்தால் முகவரி ‘வவுனிக்குளம் சிறுபோகத் த’ என்பதோடு அறுந்து நிற்கும். வாட்சப்பில் அனுப்பினால் ஐந்தாறு வரிக்குச் சதவீத அடையாளமாக வரும், வயதானவர்கள் வைரஸ் என்று நினைத்துத் தொட மாட்டார்கள். வெளியிட முன்னர் முகவரிப் பெட்டியில் கையால் ஒரு சின்ன ஆங்கிலப் பெயரைப் போட்டால் சரியாகிவிடும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வருடம் எடுத்தது.

இனிக் கெட்டதுக்கு வருகிறேன். உலகிலுள்ள இணையத்தளங்களில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் வேர்ட்பிரஸில்தான் ஓடுகின்றன என்று கணக்கெடுப்பவர்கள் சொல்கிறார்கள். அது பெருமைதான். ஆனால் கள்ளன் பக்கமிருந்து பாருங்கள்: ஒரே மாதிரிப் பூட்டுப் போட்ட கோடிக்கணக்கான வீடுகள். ஒரு பூட்டைத் திறக்கப் பழகினால் போதும். யார் யார் உள்ளே வரப் பார்த்தார்கள் என்ற எங்கள் தளங்களின் பதிவைப் பார்த்தபோது, பெயர் தெரியாத நாடுகளிலிருந்தெல்லாம் யாரோ, யாரோ என்றுகூடச் சொல்ல முடியாது, இயந்திரங்கள், இரவு பகலாகக் கடவுச்சொல்லை ஊகித்துப் பார்த்துக்கொண்டிருந்தன. வாய்க்கால் முறையும் மரண அறிவித்தலும் இருக்கும் தளத்தில் அவர்களுக்கு என்ன வேலை என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

2019 வைகாசியில் விளங்கியது. ரொறன்ரோவிலிருந்து ஒரு பழைய மாணவர் எடுத்தார்: “அக்கா, கூகிளில எங்கட பள்ளிக்கூடத்தத் தேடினா ஜப்பான் எழுத்து வருது, சப்பாத்து விக்கிறாங்கள்.” நான் தளத்தைத் திறந்தேன், எல்லாம் ஒழுங்காக இருந்தது. அவரிடம் கொஞ்சம் எரிந்தும் விழுந்தேன். பிறகுதான் தெரிந்தது, நேரே வருபவருக்கு ஒரு முகமும் கூகிளுக்கு இன்னொரு முகமும் காட்டும்படி செய்திருந்தார்கள். எங்கள் பாடசாலையின் நல்ல பெயரில் ஆயிரக்கணக்கான போலிப் பக்கங்கள். நுழைந்த வழி, முகப்பில் மூன்று படங்களை மாறி மாறிக் காட்டுவதற்காகப் போட்ட ஒரு பிளகின். செய்தவர் அதைக் கைவிட்டுப் பல காலம். நாங்கள் 14 மாதமாக ஒன்றையும் புதுப்பிக்கவில்லை. மூன்று படத்துக்காக வீட்டுச் சுவரில் ஓட்டை விட்டிருந்தோம்.

வவுனியாவில் படிக்கும் ஒரு தம்பி வந்து நாலு நாள் இருந்து, எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டார். காப்புப் பிரதி இருந்ததுதான், ஆனால் தளம் ஓடும் அதே சேர்வரில், அதாவது அதே வாடகைக் கணினியில். அதிலும் கள்ளன் புகுந்திருந்தான். ஐந்து மாதத்துக்கு முன் எதற்கோ நான் பதிவிறக்கி மேசைக் கணினியில் வைத்திருந்த ஏற்றுமதிக் கோப்பு ஒன்று மட்டும் மிஞ்சியது. இடைப்பட்ட ஐந்து மாதத்தில் வந்த அறிவித்தல்களைக் கடையில் கிடந்த பாமினிக் கோப்புகளிலிருந்து மாற்றித் திரும்ப ஏற்றினேன். கைகொடுத்தது நான் எப்போதோ தலைமுழுகிய பாமினி!

‘புதுப்பித்தால் சரிதானே’ என்று அந்த வாசகர் கேட்கலாம். எவ்வளவு விரைவாக? 2014 அக்டோபர் 15ஆம் திகதி ட்ரூப்பலில் ஒரு பெரிய ஓட்டையை அறிவித்து, அதற்கான திருத்தத்தையும் வெளியிட்டார்கள். பிறகு அவர்களின் பாதுகாப்புக் குழுவே சொன்னது: அறிவித்து 7 மணித்தியாலத்துக்குள் திருத்தாத ட்ரூப்பல் 7ஆம் பதிப்புத் தளம் ஒவ்வொன்றும் உடைக்கப்பட்டுவிட்டது என்றே எண்ணிக்கொள்ளுங்கள் என்று. இலங்கை நேரத்தில் அறிவித்தது இரவு ஒன்பதரை. கெடு முடிந்தது விடியப்புறம் நாலரை. அந்த நேரத்தில் மல்லாவியில் விழித்திருப்பது வயல் காவலுக்குப் போனவர்களும் ஆனையும்தான்.

இப்போது வேர்ட்பிரஸ் சிறு பாதுகாப்புத் திருத்தங்களைத் தானாகவே போட்டுக்கொள்கிறது, 2013 முதல் அந்த வசதி இருக்கிறது. 2020இலிருந்து பிளகின்களையும் தானாகப் புதுப்பிக்க விடலாம். விட்டிருக்கிறேன். ஆனால் அதுவும் முழு நிம்மதி இல்லை. ஒரு முறை பிளகின் தானாகப் புதிதாகிவிட்டது, வேர்ட்பிரஸை ஓட்டுவதற்குச் சேர்வரில் இருந்த பி.எச்.பி. என்ற மென்பொருள் பழையது, இரண்டும் ஒத்துப்போகாமல் தளம் வெறும் வெள்ளைப் பக்கமாக இரண்டு நாள் நின்றது.

புதுப்பித்தலில் இன்னொரு வகைச் சங்கடமும் உண்டு. 2018 டிசம்பர் முதல் வாரத்தில் வேர்ட்பிரஸ் 5.0 வந்தது. எழுதும் பெட்டியையே மாற்றிவிட்டார்கள், எல்லாம் கட்டம் கட்டமாக. பொருளாளரின் மகனுக்கு அப்போது நிர்வாகத் தரம் கொடுத்திருந்தோம், அந்தப் பிழை எங்களுடையது. ‘புதியது வந்திருக்கு’ என்று கண்டவுடன் பொத்தானை அமத்தியிருக்கிறான். இரண்டு வாரம் கழித்து வெள்ளம். கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் இருந்தவர்களுக்கு அந்த டிசம்பர் இரவு மறக்காது. எந்தப் பாதையில் தண்ணீர், எந்தப் பாடசாலையில் சனம் இருக்கிறது என்று போடுவதற்கு அக்கா போனைத் திறந்தால் அவருக்குப் பழக்கமான பெட்டியைக் காணவில்லை. எனக்கு எடுத்தார், எனக்கும் தெரியாது. கடைசியில் எல்லாரும் வாட்சப்பில்தான் சமாளித்தோம். இரண்டாம் நாள்தான், பழைய பெட்டியைத் திருப்பித் தரும் ஒரு பிளகினை அவர்களே கொடுத்திருக்கிறார்கள் என்று கண்டுபிடித்தேன். தளத்தைச் செய்பவர்கள் நல்லதற்கென்று மாற்றுகிறார்கள்தான். எப்போது மாற்ற வேண்டும் என்பதை ஒரு பொறுப்பானவர் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது, அந்தப் பொறுப்பானவர் ஊரில் இருக்க வேண்டியிருக்கிறது.

மென்பொருள் இலவசம். இடவாடகை இலவசம் இல்லை, அதுவும் டொலரில். எங்களுக்கு வருடம் 60 டொலர். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதம் 360ஐத் தொட்டது. 12,000 ரூபா கொடுத்த சங்கம் 21,600 கொடுக்க வேண்டி வந்தது. மின்வெட்டில் கடையே பூட்டிக் கிடந்த காலம் அது. காசைச் சேர்த்தாலும் வெளிநாட்டுக்குக் கட்டக் கார்ட் வேலை செய்யவில்லை. பாடசாலைத் தளத்தைப் பழைய மாணவர்கள் காப்பாற்றினார்கள்.

கோயில் தளத்தைக் காப்பாற்ற ஒருவருமில்லை. டொமைன் பெயரை, அதாவது தளத்தின் முகவரியை, வாங்கியது புலம்பெயர்ந்து போன ஓர் அன்பர், தன் கார்டில், தன் மின்னஞ்சலில். கார்ட் காலாவதியானது, மின்னஞ்சலை அவர் மாற்றிவிட்டார், நினைவூட்டல்கள் யாருமில்லாத பெட்டிக்குப் போயின. தவணை முடிந்து, மீட்கக் கொடுக்கும் அவகாசமும் முடிந்து, பெயர் சந்தைக்கு வந்தது. யாரோ வாங்கிவிட்டார்கள். கோயில் மதிலில் பெரிய எழுத்தில் எழுதியிருந்த முகவரியைப் போனில் அடித்தால் கடதாசி விளையாட்டுச் சூதாட்டம் வந்தது. திருவிழாவுக்கு முன் மதிலுக்கு வெள்ளை அடித்தோம்.

போனில் திறப்பதன் பாரத்தையும் சொல்ல வேண்டும். பழைய எச்.டி.எம்.எல். பக்கம் எங்கள் உள்ளூர்ச் சிக்னலிலும் டக்கென்று வரும். அழகான தீம், அசையும் படம், போனில் எடுத்துக் குறைக்காமல் ஏற்றிய ஐந்து மெகாபைட் புகைப்படங்கள் என்று சேர்ந்த பிறகு, வாய்க்கால் முறை பார்க்க வந்த கமக்காரர் டேட்டாவும் பொறுமையும் இழந்து அக்காவுக்கே போன் எடுக்கத் தொடங்கினார். தளம் எதற்கு என்ற கேள்வி அங்கே வந்துவிடுகிறது. இதில் சி.எம்.எஸ்.ஸை மட்டும் குறை சொல்ல மாட்டேன். படம் ஏற்றுவதை அது அவ்வளவு இலகுவாக்கிவிட்டது, நாங்கள்தான் கை நிறைய ஏற்றினோம்.

ஆகவே என் அபிப்பிராயம் இதுதான். வாரத்துக்கு ஒரு முறையாவது புது விஷயம் எழுத ஆள் இருக்கிறது, வாரத்தில் அரை மணித்தியாலம் உட்கார்ந்து உள்ளே பார்க்கவும் ஆள் இருக்கிறது என்றால் வேர்ட்பிரஸ் போடுங்கள், அதைவிட நல்லது இப்போதைக்கு எனக்குத் தெரியவில்லை. இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் வேண்டாம். கோயிலுக்கு இப்போது வேறு பெயர் வாங்கி நாலே நாலு எச்.டி.எம்.எல். பக்கம் வைத்திருக்கிறேன்: தலவரலாறு, திருவிழா நாட்கள், வரும் வழி, வங்கிக் கணக்கு. வருடத்துக்கு ஒரு முறை இரண்டு வரி மாற்றுகிறேன். தரவுத்தளம் இல்லை, உள்நுழையும் கதவில்லை, ஆகவே ஊகித்துப் பார்க்கக் கடவுச்சொல்லும் அங்கே இல்லை. இப்படியான வெறும் பக்கங்களை இலவசமாக வைத்துத் தரும் இடங்களும் உண்டு, கிட்ஹப் அப்படி ஒன்று. முகநூல் போதாதா என்பவர்களுக்கு: மூன்று வருடத்துக்கு முன் முகநூலில் போட்ட கணக்கறிக்கையை ஒரு முறை தேடி எடுத்துக் காட்டுங்கள், பிறகு பேசுவோம்.

வேர்ட்பிரஸ் வைத்திருக்கும் மற்ற இரண்டு சங்கங்களிலும் நாங்கள் இப்போது செய்வது சிறிய காரியங்கள்தான். டொமைன் சங்கத்தின் பெயரில், சங்கத்துக்கென்றே தனி மின்னஞ்சலில். கடவுச்சொல் எழுதிய உறை பற்றுச்சீட்டுப் புத்தகத்தோடு இரும்புப் பெட்டிக்குள். பொதுக்கூட்டத்தில் நிர்வாகம் மாறினால் அன்றைக்கே கடவுச்சொல்லும் மாறும், பழைய பொருளாளர் கோபித்தாலும் சரி. 23 பிளகின் இருந்த இடத்தில் 5. காசு கொடுத்து வாங்க வேண்டிய தீம் ஒன்றை யாராவது ‘சும்மா தாறன்’ என்று பென்டிரைவில் கொண்டுவந்தால் வாங்குவதில்லை, அதற்குள் என்ன ஒளிந்திருக்கும் என்று யாருக்குத் தெரியும். போயா தினத்தில் கடை பூட்டு, அன்றைக்கு முழுத் தளத்தையும் இறக்கி இரண்டு பென்டிரைவில் வைக்கிறேன், ஒன்று என் வீட்டில், ஒன்று அக்கா வீட்டில். வருட முடிவில் முக்கியமானதை அச்சடித்துக் கோவையில் போடுகிறோம். 2008இல் இடம்பெயர்ந்தபோது எங்கள் பாடசாலையின் வரவுப் பதிவேடுகள் போனவை போனவைதான். பிறந்த திகதியை உறுதிப்படுத்த வழியில்லாமல் என் கடைக்குச் சத்தியக் கடதாசி அடிக்க வருகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

கடைசியாக உங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும், ஆசிரியர் அவர்களே. இணையத்தளத் திறப்பு விழா என்றால் குத்துவிளக்கு, மாலை, மடிக்கணினியின் பொத்தானை அமத்தும் பிரமுகர் என்று உங்கள் பத்திரிகையில் படம் வருகிறது. அந்தப் படங்களையெல்லாம் நான் வெட்டி வைத்திருக்கிறேன், அது ஒரு பழக்கம். அதில் 11 தளங்களின் முகவரியை இந்தக் கடிதம் எழுத முன் அடித்துப் பார்த்தேன். நாலு திறந்தது. ஒரு தளத்தைத் திறந்து ஒரு வருடம் கழித்து, அது இன்னும் இருக்கிறதா, அதன் திறப்பு, அதாவது கடவுச்சொல், யாரிடம் இருக்கிறது என்று ஒரு சின்னச் செய்தி போடுவீர்களா? வெளிநாட்டிலிருந்து தளத்துக்குக் காசு அனுப்பும் உறவுகளும் அந்தச் செய்தியைப் பார்த்தால், விழாச் செலவைக் குறைத்து ஐந்து வருட வாடகையை ஒன்றாகக் கட்டிவிடுவார்கள் என்று நினைக்கிறேன்.

புதன்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு என் கடையில் கூட்டமிருக்காது. கடவுச்சொல்லைத் தொலைத்த சங்கத்தார் வரலாம், தெரிந்ததைச் செய்து தருகிறேன், காசு வேண்டாம். வரும்போது வீட்டில் கிடக்கும் பழைய பாமினிக் கோப்புகளையும் மறக்காமல் கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
தட்டச்சுக் கடைக்காரி ஒருவர்,
மல்லாவி.